கொழுப்பு மாத்திரைக்கு என்ன பத்தியம்?

பொதிகையின் அடிவாரத்தில், மூலிகைக்கும் வைத்தியருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சமில்லாத தென்காசிச் சீமையில், மருந்து கொடுத்த வைத்தியர் இன்னதைத் தள்ள வேண்டும், இன்னதைச் சேர்க்கலாம், இன்ன அநுபானத்தில் குழைத்து உண்ண வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பிவிட்டால், அந்த மருந்தின்மேலேயே நோயாளிக்கு நம்பிக்கை பிறப்பதில்லை. புளி தள்ளி, கத்தரிக்காய் தள்ளி, கருவாட்டுப் பக்கமே போகாமல் ஒரு மண்டலம் இருந்து பழகிய வம்சம் இது. ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை அமைந்ததும், இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் காவடிச் சிந்து அண்ணாமலை ரெட்டியார் அவைப் புலவராக விளங்கியதுமான வீரகேரளம்புதூர் இன்று ஒரு தாலுகாவின் தலைநகராகிச் சிற்றாற்றங்கரையில் அமைதியாக இருக்கிறது. அங்கேயும் மருந்துக் கடைப் பலகையின் முன்னால் நின்று காதைக் கொடுத்தால், இந்தப் பழைய சம்பிரதாயம் இன்னும் உயிரோடிருப்பது தெரியும்.

"தம்பி, இந்தக் கொழுப்பு மாத்திரைக்குப் பத்தியம் என்ன?"

"ஒண்ணும் கிடையாது ஆச்சி. ராத்திரி சாப்பிட்டுட்டு ஒண்ணு போட்டுக்கிடுங்க."

ஆச்சி நம்பாமல்தான் போகிறாள். பத்தியமில்லாத மருந்து உண்டா என்ற அவளுடைய சந்தேகம் அடுத்த தெருவுக்குள் ஒரு முடிவாக உருக்கொள்கிறது: ஒருத்தி முட்டை ஆகாது என்கிறாள், இன்னொருத்தி திராட்சை ஆகாது என்கிறாள், மூன்றாமவள் இது ஈரலைத் தின்றுவிடும் என்கிறாள், நான்காம் வாரம் முழங்கால் வலித்ததும் மாத்திரை அட்டை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. இந்த மாத்திரைக்கும் பத்தியம் உண்டு என்பதும், அது நாம் வழக்கமாகத் தேடுகிற இடத்தில் இல்லை என்பதுமே இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஸ்டாட்டின் என்று பொதுப்பெயர் பெற்ற இந்த ஔஷதங்களின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஜப்பானில் சாங்கியோ என்ற மருந்து நிறுவனத்தில் பணிபுரிந்த அக்கிரா எண்டோ என்ற விஞ்ஞானி, பூஞ்சையிலிருந்து பென்சிலின் கண்ட பிளெமிங்கின் சரித்திரத்தை இளமையில் படித்து அதில் மனம் பறிகொடுத்தவர். கொழுப்பைச் சரீரம் தானே உற்பத்தி செய்வதைத் தடுக்கவல்ல ஒரு பொருள் ஏதேனும் ஒரு பூஞ்சையில் இருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையோடு ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துச் சலித்து, 1973-இல் கியோட்டோ நகரத்து தானியக் கடை அரிசியில் வளர்ந்த நீலப் பூஞ்சை ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு மாறுதலும் இல்லை. வேறு எவராயினும் அந்தப் புட்டியை அலமாரியில் பூட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்கள். எண்டோ போகவில்லை. முட்டையிடுகிற கோழியின் இரத்தத்தில் கொழுப்பு மிகுதியாக ஓட வேண்டும் அல்லவா என்ற யுக்தியின்பேரில் கோழிகளுக்குக் கொடுத்தார்கள். கொழுப்பு சரசரவென்று இறங்கியது. புரோட்டாவுக்கும் கோழிக்கும் பெயர்போன ஒரு சீமையிலிருந்து எழுதுகையில், கோழிக்கு நாம் பட்டிருக்கிற இந்தக் கடனையும் குறிப்பிடாமல் விடுவது நியாயமன்று. எண்டோ 2024 ஜூனில் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். அவர் கண்ட பொருள் கடைக்கு வரவில்லை. அதன் தாயாதியான லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் அநுமதி பெற்று முதலில் சந்தைக்கு வந்தது. சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று பின்னால் வந்த சகோதரர்களில் கடைசி இரண்டும்தான் இன்று நம் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் புழங்குபவை.

இரத்தத்தில் ஓடுகிற கொழுப்பில் பெரும்பங்கு தட்டிலிருந்து வருவதன்று. கல்லீரல் தானே சமைப்பது. அந்தச் சமையலுக்கு இன்றியமையாத நொதியொன்றை ஸ்டாட்டின் தடுத்துவிடுகிறது. தனக்கு வேண்டிய கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் ஏற்பிகளை அதிகமாக முளைக்கவிட்டு, இரத்தத்தில் சுற்றித் திரிகிற எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே, மாத்திரை கொழுப்பைக் கரைத்து வெளியே தள்ளுகிறது என்று ஜனங்கள் நினைப்பது சரியன்று. இதன் பிரயோஜனம் சந்தேகத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது 1994-இல்: ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இருதய நோய் கண்ட 4444 பேரை ஐந்து வருஷத்துக்கு மேல் கவனித்ததில், சிம்வாஸ்டாட்டின் உண்டவர்களிடையே மரணம் நூற்றுக்கு முப்பது வீதம் குறைந்திருந்தது.

இனி ஆகாரம். இதில் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். மருந்து செய்கிற வேலையை மறுபுறம் இருந்து அவிழ்க்கிற ஆகாரம் ஒரு வகை. மருந்தின் அளவையே இரத்தத்தில் ஏற்றி இறக்குகிற ஆகாரம் மற்றொரு வகை. முதல் வகைக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி ஆடி மாதங்களில், அருவியில் குளித்துப் பசியெடுத்து, செங்கோட்டைக்கு அருகே பிரானூர் பார்டர் வரையில் வண்டி கட்டிக்கொண்டு போகிற கூட்டத்தைப் பார்த்தால் போதும். தேங்காய் எண்ணெயில் முறுகப் பொரித்த நாட்டுக்கோழியை, பிய்த்துப் போட்ட புரோட்டாவின்மேல் சால்னா ஊறிச் சொதசொதவென்று ஆன பதத்தில், வாழையிலையில் வழித்துத் தின்கிற அந்த ருசியை நான் குறை சொல்ல வரவில்லை. அதைக் குறை சொல்கிறவனுக்கு நாக்கு இல்லை என்றே அர்த்தம். ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் செறிவுற்ற கொழுப்பு; ரேஷன் கடையில் வாங்குகிற பாமாயிலில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு கணக்கின்படி, மற்றத் தாவர எண்ணெய்களுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை உபயோகித்தவர்களின் எல்.டி.எல். சராசரியாகப் பத்து மில்லிகிராம் அளவுக்கு ஏறியிருந்தது. செறிவுற்ற கொழுப்பு கல்லீரலின் ஏற்பிகளைக் குறைக்கிறது. மாத்திரையோ அதே ஏற்பிகளைப் பெருக்கப் பாடுபடுகிறது. ராத்திரி புரோட்டா கட்டுவதும், தின்றானபின் "அதான் மாத்திரை போடுறோம்லா" என்பதும் ஒரே வாயிலிருந்து வருவதை இந்தப் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. இது நம்மவருக்கு மட்டும் உரிய சாமர்த்தியம் அன்று. அமெரிக்காவில் 1999 முதல் பத்தாண்டுக் காலத்தில் ஸ்டாட்டின் உண்பவர்கள் எடுத்துக்கொள்கிற கொழுப்பு நூற்றுக்குப் பதினான்கு வீதம் ஏறியதாகவும், மாத்திரை உண்ணாதவர்களிடம் அப்படி ஏற்றம் ஒன்றும் இல்லையென்றும் 2014-இல் எழுதினார்கள்.

இரண்டாவது வகைதான் மெய்யான பத்தியம். அதன் கதை கனடாவில், ஒரு தற்செயலில் ஆரம்பிக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளர் இரத்த அழுத்த மாத்திரை ஒன்றோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதிக்கப் புகுந்தார். எவருக்கு மது, எவருக்கு வெறும் பானம் என்பது நாக்குக்குத் தெரியாதிருக்க வேண்டும் என்பதற்காக இரண்டிலும் கிரேப்புரூட் என்ற புளிப்பும் கசப்பும் கலந்த பழத்தின் சாற்றைக் கலந்தார். மாத்திரையின் அளவு இருதரப்பாரின் இரத்தத்திலும் எதிர்பாராதபடி எகிறிப் போயிருந்தது. மதுவின்மேல் வைத்த சந்தேகம் சாற்றின்மேல் திரும்பி, 1989-இல் இந்தச் செய்தி வெளியாயிற்று.

காரணம் இது. நாம் விழுங்குகிற பல மருந்துகளில் ஒரு பகுதியைக் குடற்சுவரில் உள்ள ஒரு நொதி, புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி இறக்கிவிடுகிற காவலரைப் போல, அங்கேயே மறித்துச் சிதைத்துவிடுகிறது. மீந்ததுதான் இரத்தத்துக்குள் போகிறது. மருந்தின் அளவை நிர்ணயித்தவர்கள் இந்த இழப்பையும் கணக்கில் வைத்தே நிர்ணயித்திருக்கிறார்கள். கிரேப்புரூட்டில் உள்ள பியூரனோகூமரின் என்ற பொருள்கள் அந்தக் காவலரை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. புதியவர் வேலைக்கு வர ஒரு நாளுக்கு மேலும், சில சமயம் மூன்று நாள் வரையிலும் ஆகும். ஆகவே காலையில் பழம், இரவில் மாத்திரை என்று நேரத்தைப் பிரித்து வைப்பதால் ஒரு பலனும் இல்லை. தினம் ஒரு டம்ளர் சாறு குடித்தவர்களின் இரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் சுமார் மூன்றரை மடங்கு ஏறியது. கெட்டியான சாற்றை ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்த ஒரு பரீட்சையில் பதினாறு மடங்கு. அட்டோர்வாஸ்டாட்டின் அவ்வளவு பதறுவதில்லை: ஒரு டம்ளருக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் இரண்டரை மடங்கு வரை போகும். ரோசுவாஸ்டாட்டின் அந்தச் சாவடி வழியாகப் போவதே இல்லை என்பதால் அதற்கு இந்தப் பழத்தால் தீங்கில்லை.

கிரேப்புரூட்டை வீரகேரளம்புதூரில் எவர் கண்டார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பழம் எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவுகளில், பதினெட்டாம் நூற்றாண்டில், ஆரஞ்சும் பம்பளிமாஸும் தற்செயலாகக் கலந்து பிறந்த பிள்ளை அது; அதன் பெற்றோரில் ஒருவர் நம் கொல்லைகளில் நிற்கிறார். மங்குஸ்தானும் ரம்புத்தானும் துரியானும் குவிகிற குற்றாலத்துப் பழக்கடைகளில் பம்பளிமாஸும் தலைகாட்டுவதுண்டு: குழந்தையின் தலையளவு பருத்து, விரற்கடைத் தடிமனுக்குப் பஞ்சுபோன்ற வெள்ளைத் தோலைப் போர்த்து, உள்ளே இளஞ்சிவப்புச் சுளைகளோடு இருக்கிற அதை உரித்து, சுளையின் மெல்லிய தோலையும் நீக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்பது மழைக்காலத்துக்கு ஏற்ற சுகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கிரேப்புரூட்டோடு சேர்த்து இதையும் கசப்பு ஆரஞ்சையும் எச்சரிக்கைப் பட்டியலில் வைத்திருக்கிறது. இனத்துக்கு இனம் அந்தப் பொருளின் அளவு வித்தியாசப்படும். ஒரு சுளை தின்றவருக்கு ஆபத்து வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சிம்வாஸ்டாட்டின் உண்பவர் இந்தப் பழத்தை அறவே விட்டுவிடுவதும், அட்டோர்வாஸ்டாட்டின் உண்பவர் அருவி பார்க்க வந்த இடத்தில் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும், தினப்படி வழக்கமாக்க நினைப்பவர் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறிக்கொள்வதும் விவேகம். சாத்துக்குடிக்கு இந்தத் தோஷம் இல்லை. திராட்சைக்கு இந்த வழக்கிலேயே சம்பந்தம் இல்லை; அது ஆகாது என்று தள்ளுகிறவர்கள் நிரபராதியைத் தண்டிக்கிறார்கள்.

மற்றவற்றை விரைவில் சொல்லிவிடலாம். மலச்சிக்கலுக்கு இசப்கோல் குடிப்பவரும், ஓட்ஸ் தவிட்டைக் கஞ்சியாக்கிக் குடிப்பவரும் அதையும் மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்காமல் சில மணி நேரம் தள்ளிப் போடுவது நல்லது. நார்ப்பொருள் மருந்தைத் தன்னோடு இழுத்துப் போய்விடும் என்பது லோவாஸ்டாட்டின் விஷயத்தில் கண்ட உண்மை. பார்டர் புரோட்டாவின் உபயத்தால் நெஞ்சு கரித்து, அலுமினியமும் மக்னீசியமும் சேர்ந்த ஆன்டாசிட் திரவத்தைக் குடிப்பவர், ரோசுவாஸ்டாட்டின் போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துக் குடிக்க வேண்டும். சேர்ந்து போனால் மாத்திரையின் பாதி வீணாகும். இரவில்தான் போட வேண்டும் என்ற விதி, சரீரத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகிற சிம்வாஸ்டாட்டினுக்கு மெய். கல்லீரல் கொழுப்பை மும்முரமாகச் சமைப்பது இரவில் என்பதே அதன் காரணம். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நெடுநேரம் தங்குபவை. காலையோ இரவோ, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, நினைவில் நிற்கிற ஒரு நேரத்தில் போட்டால் போதும். மதுவை அளவின்றிக் குடிப்பவருக்குக் கல்லீரலும் தசையும் இரட்டைச் சுமை சுமக்க வேண்டிவரும். முட்டையை இந்த மாத்திரையோடு சேர்த்து விலக்கக் காரணம் இல்லை.

குற்றாலத்துக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. அருவிக்குப் போகிற வழியெல்லாம் மூலிகை விற்கிறது. கொழுப்புக்கு மருதம்பட்டை, சர்க்கரைக்கு மரமஞ்சள் என்று பொட்டலம் கட்டித் தருகிறார்கள். நாட்டு மருந்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அதில் சக்தி இருக்கிறது என்று நம்புகிறவன்தான், சக்தியுள்ள இரண்டு மருந்துகள் ஒரே வயிற்றில் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கக் கடமைப்பட்டவன். மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் என்ற சத்து, மேலே சொன்ன அதே சாவடிக் காவலரைக் கொஞ்சம் தளர்த்தக்கூடியது. சீனாவில் அரிசியில் வளர்க்கிற செம்பூஞ்சை ஒன்றைக் கொழுப்புக்கு இயற்கை மருந்தென்று வெளிநாடுகளில் விற்கிறார்கள். அதிலுள்ள சத்து சாட்சாத் லோவாஸ்டாட்டினே. அயல்நாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிவைத்த அந்தப் புட்டியை மாத்திரையோடு கூட உண்பவர், தாம் அறியாமலே இரண்டு ஸ்டாட்டின் உண்கிறார். நம் சிவப்பரிசிச் சோற்றுக்கும் அதற்கும் உறவு கிடையாது.

பழத்தைவிடவும் மூலிகையைவிடவும் பயப்பட வேண்டியது மற்ற இங்கிலீஷ் மாத்திரைகளைத்தான். சளி இருமலுக்குக் கொடுக்கிற கிளாரித்ரோமைசினும், படர்தாமரைக்குக் கொடுக்கிற இட்ராகோனசோலும் அந்தக் காவலரை முழுக்க மடக்கிவிடும். அந்தச் சில நாளைக்குச் சிம்வாஸ்டாட்டினை நிறுத்திவைப்பதே முறை. தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இரத்த அழுத்தத்துக்குப் பரவலாகக் கொடுக்கிற அம்லோடிபின் உண்பவர், சிம்வாஸ்டாட்டினை நாளொன்றுக்கு இருபது மில்லிகிராமுக்கு மேல் உண்ணலாகாது. வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு கையால் எழுதப்பட்ட இரண்டு சீட்டுகளையும் ஒரே டாக்டர் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்காதவரைக்கும் இது எவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட சேர்க்கையின் விபரீதத்தை உலகம் ஒரு தடவை பார்த்தது. செரிவாஸ்டாட்டின் என்ற மாத்திரை, குறிப்பாக ஜெம்பிப்ரோசில் என்ற மற்றொரு கொழுப்பு மருந்தோடு சேர்ந்தபோது, தசைகள் சிதைந்து சிறுநீரகம் அடைபட்டு 52 பேர் மாண்டதாகத் தெரியவந்து, 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

அந்தத் தசைச் சிதைவுதான் ஸ்டாட்டின் வகைக்கே உரிய அபூர்வமான அபாயம்; வருஷத்துக்குப் பதினாயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருவது. தொடையும் தோளும் தாங்க முடியாமல் வலித்து, எழுந்து நிற்க வலுவின்றிப் போய், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கினால், அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆனால் ஜனங்கள் மாத்திரையை விடுவது இதற்காக அன்று. முழங்கால் குத்தலுக்கும், கெண்டைச்சதை இழுப்புக்கும், விடிந்தெழுந்ததும் வருகிற உடம்பு வலிக்கும்தான். அவை பொய் என்று சொல்லக்கூடாது. வலிக்கிறவருக்கு வலி மெய்தான். வலிக்குக் காரணம் மாத்திரையா என்பதே கேள்வி. மருந்தையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்ட 19 ஆய்வுகளில் பங்குகொண்ட ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் பேரின் விவரங்களை 2022-இல் ஒருங்கே கணக்கிட்டபோது, ஸ்டாட்டின் உண்டவர்களில் 27.1 சதவீதத்தினரும் வெறும் மாத்திரை உண்டவர்களில் 26.6 சதவீதத்தினரும் தசைவலி என்று முறையிட்டிருந்தார்கள். வலி என்றவர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாத்திரை காரணமன்று. மெய்யாகவே காரணமான இடத்திலும் பெரும்பாலும் அது முதல் வருஷத்திலேயே வெளிப்பட்டுவிட்டது.

லண்டனில் செய்த மற்றொரு சோதனை இன்னும் விசித்திரமானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டவர்கள் அறுபது பேருக்கு மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தார்கள்: நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கில் மருந்தில்லாத மாத்திரை, நான்கு காலி. தினமும் தம் உபத்திரவத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்புப் போட்டுவரச் சொன்னார்கள். காலிப் புட்டி மாதங்களில் சராசரி எட்டு. மருந்து மாதங்களில் பதினாறு. மருந்தில்லாத மாத்திரை மாதங்களிலும் பதினைந்துக்கு மேல். அதாவது, விழுங்குகிறோம் என்ற பயமே உபத்திரவத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்தது. 2020-இல் வெளியான இந்த முடிவைக் காட்டியபின் அவர்களில் பாதிப் பேர் மறுபடியும் மாத்திரையைத் தொடங்கினார்கள். அடுத்த வீட்டு அண்ணாச்சியின் வாய்வார்த்தைக்கு இவ்வளவு சக்தி உண்டென்பதைப் பத்தியத்தில் பழகிய நாம்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை விஷயம் வேறு. அது கற்பனை அன்று. 2010-இல் வெளியான கணக்கின்படி 255 பேர் நான்கு வருஷம் ஸ்டாட்டின் உண்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது. ஏற்கெனவே எல்லையில் நிற்பவரைத்தான் பெரும்பாலும் அது அப்புறம் தள்ளிவிடுகிறது. அதே 255 பேரில் ஐந்து பேருக்கு மாரடைப்பு போன்ற ஆபத்துகள் தடுக்கப்படுகின்றன என்பதும் அதே கணக்குதான். வயிற்றைச் சுற்றிச் சதை போட்டவர்களும் சர்க்கரைக்காரரின் பிள்ளைகளும் நிறைந்த நம் நாட்டில், வருஷத்துக்கு ஒரு தடவையேனும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு மாத்திரையைத் தொடர்வதே அறிவுடைமை. கல்லீரல் நொதிகள் மும்மடங்குக்கு மேல் ஏறுவது நூறு பேரில் ஒருவர் அளவில்தான். பெரும்பாலும் அளவைக் குறைத்தால் இறங்கிவிடும். தொடக்கத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும், அடிக்கடி சோதிக்க வேண்டியதில்லை என்று அமெரிக்கத் துறை 2012-இலேயே விதியைத் தளர்த்திவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இது பொதுவாக ஆகாது.

ஆசிய ஜனங்களுக்கு ரோசுவாஸ்டாட்டின், அதே அளவு உண்ட வெள்ளைக்காரரைவிட இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிற்கிறது என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. ஐந்து மில்லிகிராமில் தொடங்க வேண்டும் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற மகன் தனக்கு எழுதித் தந்த இருபது மில்லிகிராமை ஊரிலுள்ள தகப்பனாருக்கும் ஒரு டப்பா வாங்கியனுப்புவது பாசத்தின் அடையாளமாக இருக்கலாம்; வைத்தியமாகாது.

மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவருக்கு அன்றைக்கும் மறுநாளும் ஒன்றும் தெரிவதில்லை என்பதுதான் இதில் உள்ள பெரிய மோசம். தமிழ்நாட்டில் 2023 முதல் நடைபெறும் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ ஓடி வருபவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் 14 மாத்திரைகளை ஒரே வேளையில் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, மற்ற எட்டும் பத்து மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிற அட்டையில் இருப்பதும் அதுதான்.

மெய்யாகவே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்களுக்கு வழியும் உண்டு. நிதானமுள்ள டாக்டர் இரண்டு நான்கு வாரத்துக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லி, தசை நொதியையும் தைராய்டையும் வைட்டமின் டி-யையும் பார்ப்பார். தைராய்டு மந்தமானவருக்கு அதைச் சரிசெய்த மாத்திரத்தில் வலி போய்விடுவதுண்டு. பிறகு வேறொரு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்ப்பார்; ரோசுவாஸ்டாட்டினை ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. அதுவும் ஆகவில்லையென்றால் குடலில் கொழுப்பு ஏறுவதைத் தடுக்கிற எசெட்டிமைப் இருக்கிறது. கல்லீரலில் மட்டும் விழித்துக்கொண்டு தசைக்குள் உறங்கிவிடுகிற பெம்பிடோயிக் அமிலம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும் என்கிற ஊசிகூட வந்துவிட்டது. அதன் விலையைக் கேட்டபின் பலருக்குப் பழைய மாத்திரையே ஒத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவதாக டாக்டர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.